பழைய ஆக்டேவியா: 1.8 போதுமா, ஆர்எஸ்-க்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பழைய கார் சந்தையில் வேகமான பெட்ரோல் செடான் தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஸ்கோடா ஆக்டேவியாவில்தான். அங்கே மூன்று வண்டிகள் இருக்கும். 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), அதற்கு மேல் 2017-இல் வந்த ஸ்போர்ட் பதிப்பான ஆர்எஸ் 230, அதற்கும் மேல் 2020-இல் வந்த ஆர்எஸ் 245. உடம்பு மூன்றுக்கும் ஒன்றுதான். விலை மட்டும் ஒவ்வொரு படிக்கும் சில லட்சங்கள் ஏறும். அந்த ஏற்றம் எதற்கு என்று தெரியாமல் வாங்கினால், டிக்கியில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துக்குத்தான் பணம் போய்ச் சேரும்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: குதிரைத்திறனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அது லேப்டாப்பில் இன்ஜின் மென்பொருளை மாற்றியே (ரீமேப் என்பார்கள்) கிடைக்கிற சரக்கு. வாங்கிய பிறகு எளிதில் மாட்ட முடியாத பாகங்களுக்குக் கொடுங்கள்: கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பிரேக். இந்த மூன்றும் உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம் என்றால், நன்றாகப் பராமரித்த 1.8-ஐ எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை வங்கியில் போட்டுவிடலாம்.

எந்த வண்டியில் என்ன

1.8 டிஎஸ்ஐ: 1798 சிசி, 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). இந்த டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை, டிக்யூ200 என்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட சுமார் ஏழரை வினாடி.

ஆர்எஸ் 230: 1984 சிசி, 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் ஈர கிளட்ச் டிஎஸ்ஜி (டிக்யூ250). கம்பெனி சொன்ன நேரம் 6.8 வினாடி. அறிமுகத்தில் ஷோரூம் விலை 24.62 லட்சம்.

ஆர்எஸ் 245: அதே 1984 சிசி, 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் ஈர கிளட்ச் டிஎஸ்ஜி (டிக்யூ381), முன் சக்கரங்களுக்கு எலெக்ட்ரானிக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (பிடி உள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் அமைப்பு), டிஜிட்டல் மீட்டர், 18 அங்குல வீல். 6.6 வினாடி. முழுதாகச் செய்து இறக்குமதியான 200 வண்டிகள் மட்டுமே. ஷோரூம் விலை 35.99 லட்சம்.

230-க்கும் 245-க்கும் நடுவில் 0.2 வினாடிதான் வித்தியாசம், ஷோரூம் விலையிலோ பதினோரு லட்சத்துக்கு மேல். நேர் ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினாலும் அந்த 0.2 தெரியாது. டயர் புதிதா பழையதா என்பதிலேயே அது காணாமல் போய்விடும்.

இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஐரோப்பாவில் 2015-இல் ஆர்எஸ் 230 என்ற பெயரில் விற்ற வண்டியில் அந்த எலெக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் இருந்தது. இந்தியாவுக்கு வந்தது அதற்குப் பிந்தைய ஃபேஸ்லிஃப்ட். அதில் அது கிடையாது, பிரேக்கை வைத்தே சமாளிக்கும் எக்ஸ்டிஎஸ் பிளஸ் மட்டும்தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு. விற்கிறவர் "230-லயே டிஃப் லாக் இருக்கு சார்" என்றால், அவர் படித்தது வேறு நாட்டு வண்டியைப் பற்றி.

1.8-இலிருந்து ஆர்எஸ்: நீங்கள் வாங்குவது கியர்பாக்ஸை

1.8 இன்ஜின் சோப்ளாங்கி இல்லை. ஐரோப்பாவில் இதே இன்ஜினை நான்கு சக்கர ஓட்டத்தோடும் ஆறு கியர் ஈர டிஎஸ்ஜியோடும் விற்றபோது 280 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள். நம் ஊர் வண்டியில் அது 250-இல் நிற்பதற்குக் காரணம் டிக்யூ200-இன் தாங்கும் எல்லையே 250 என்பதுதான். கம்பெனியே எல்லைக்கோட்டில் நிறுத்தி விற்ற கியர்பாக்ஸ் அது.

உலர் கிளட்ச்சுக்கு வெயிலும் நெரிசலும் ஆகாது. ஈர கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் சூட்டை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். உலர் கிளட்ச்சில் அந்த வசதி இல்லை. மே மாதத்தில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும். சூடு ஏறிக்கொண்டே போகும். அடுத்து மெக்கட்ரானிக் யூனிட். கியர்களையும் கிளட்ச்சையும் இயக்கும் எண்ணெய் அழுத்தத்தை இதற்குள் இருக்கும் பம்ப்பும் அக்யூமுலேட்டரும் கொடுக்கின்றன. அக்யூமுலேட்டர் உட்காரும் இடத்தில் உலோகம் விரிசல் விட்டால் அழுத்தம் கசிந்து, பம்ப் ஓயாமல் ஓடி, ஒரு நாள் டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்ன வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும். ஸ்கேனில் பி17பிஎஃப் அல்லது பி189சி என்று வந்தால் பெரும்பாலும் இதுதான்.

ஆர்எஸ்-இன் இரண்டு கியர்பாக்ஸ்களுமே ஈர வகை. அதனால் 1.8-இலிருந்து ஆர்எஸ்-க்குத் தாவ கியர்பாக்ஸ்தான் முதல் நியாயம். தினமும் நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கும், ரீமேப் செய்யும் எண்ணம் உள்ளவருக்கும் இது பெரிய விஷயம். 1.8-க்கு ரீமேப் போட்டு 300-க்கு மேல் டார்க் ஏற்றி, அதை 250 தாங்கும் உலர் கிளட்ச் மேல் போடுவது வீண் வேலை, வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கோ டிக்யூ200 அமைதியாகவே உழைக்கும். அவருக்கு இந்த நியாயம் பாதியாகிவிடும்.

இன்னொரு வண்டியையும் மேசையில் வையுங்கள். 2021 ஜூனில் நான்காம் தலைமுறை ஆக்டேவியா வந்தது. இரண்டே ஆண்டில் விற்பனை நின்றது. அதில் 2.0 டிஎஸ்ஐ, 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் ஈர டிஎஸ்ஜி. ஸ்போர்ட் சஸ்பென்ஷனும் ஆர்எஸ் சீட்டும் கிடையாது. ஆனால் 1.8-இன் பெரிய தலைவலி இதில் இல்லை, வயதும் குறைவு. ஈர கிளட்ச்சுக்காக மட்டும் ஆர்எஸ் 230 தேடுகிறவர் இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

230-இலிருந்து 245: நீங்கள் வாங்குவது டிஃபரென்ஷியலை

வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்க முன் சக்கரம் லேசாகி வழுக்கும். எக்ஸ்டிஎஸ் பிளஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து அடக்குகிறது. வேலை நடக்கும், ஆனால் வேகத்தை விழுங்கியும் பேடைத் தேய்த்தும்தான் நடக்கும். 245-இல் இருக்கும் அமைப்பு வேறு. டிஃபரென்ஷியலுக்கும் வலது டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு பல தட்டு கிளட்ச்; சின்ன மோட்டார் பம்ப் அதை இறுக்கும். பிடி உள்ள வெளிச்சக்கரத்துக்கு 1,600 நியூட்டன் மீட்டர் வரை தள்ளும். மழையில் இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஸ்டியரிங் கையில் இழுபடாமல் வண்டி உள்நோக்கித் திரும்பும்.

இதை எங்கே உணர்வீர்கள்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில், பந்தயத் தளத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதன் பயன் ஏறக்குறைய பூஜ்யம். மாதம் ஒருமுறைகூட மலை ஏறாதவர் இதற்காக லட்சக்கணக்கில் கொடுப்பது வீண்.

அதோடு 245-க்கு ஒரு கூடுதல் வேலையும் உண்டு. அந்தக் கிளட்ச்சுக்குத் தனி எண்ணெய். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்போதே பம்ப்பைக் கழற்றி அதன் சல்லடையையும் கழுவ வேண்டும். சல்லடை அடைத்துக்கொண்டால் பல நேரம் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. டிஃபரென்ஷியல் சத்தமில்லாமல் சாதாரணமாகிவிடும், அதாவது 245 விலை கொடுத்து 230 ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த எண்ணெய் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பெரும்பாலானவர்களிடம் இருக்காது, இப்படி ஒரு எண்ணெய் இருப்பதே தெரியாத ஓனர்களும் உண்டு. பில் இல்லை என்றால் விலையைக் குறைக்க அது நல்ல கருவி.

18 அங்குல வீலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 245-இன் டயர் 225/40 ஆர்18. பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர். 230-இன் 225/45 ஆர்17-க்கு 101 மில்லிமீட்டர். இந்த ஒரு சென்டிமீட்டர்தான் நம் ஊர்க் குழிகளில் ரிம் வளையாமல் காப்பது. 245 பார்க்கப் போனால் நான்கு வீலையும் உள்பக்கத்திலிருந்து பாருங்கள். வளைவும், வெல்டிங் வைத்த தடமும் வெளிப்பக்கம் தெரியாது.

200 வண்டிகள்தான் என்ற அரிது மதிப்பைப் பற்றிப் பேச்சு வரும். 245-இன் விலை 230 அளவுக்கு இறங்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்தான். ஆனால் 2025 அக்டோபரில் 265 குதிரைத்திறன் கொண்ட புதிய ஆக்டேவியா ஆர்எஸ் 100 வண்டிகள், 49.99 லட்சத்துக்கு வந்துவிட்டது. நாளை இன்னொன்று வரலாம். முதலீடு என்று சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் அப்படியே தலையாட்ட வேண்டியதில்லை.

உண்மையான ஆர்எஸ்தானா?

1.8-க்கு ஆர்எஸ் பம்பர், ஸ்பாய்லர், கறுப்பு வீல், சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பர் எல்லாம் மாட்டிய வண்டிகள் சந்தையில் உண்டு. இரண்டு நிமிட வேலையில் கண்டுபிடிக்கலாம். ஆர்சி-யில் சிசி பாருங்கள்: 1798 என்றால் 1.8, 1984 என்றால் 2.0. பிறகு டிஎஸ்ஜியை மேனுவல் முறையில் வைத்து நெடுஞ்சாலையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 230-இல் ஆறுக்கு மேல் போகாது. ஏழு வந்தால் அது 1.8 அல்லது 245. டிக்கி தரைவிரிப்புக்கு அடியில் ஸ்டெப்னி குழியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இன்ஜின், கியர்பாக்ஸ் குறியீடுகள் இருக்கும். சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரே இல்லை என்றால் பின்பக்கம் அடிபட்டு வேலை பார்த்திருக்கலாம். டிக்கித் தகடுகளின் இணைப்பில் இருக்கும் சீலன்ட் கம்பெனி போட்டதுபோல் சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ரீமேப் போட்ட வண்டியா?

ஆர்எஸ் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்த இன்ஜினுக்கு ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டால் 300 குதிரைத்திறனுக்குப் பக்கத்திலும், 400 நியூட்டன் மீட்டருக்கு மேலும் போகும். 230-இன் டிக்யூ250-க்குக் கம்பெனி கணக்கில் எல்லை 350. நன்றாகச் செய்த ரீமேப்பும் கியர்பாக்ஸ் டியூனும் சேர்ந்த வண்டி பல ஆண்டு ஓடும். கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் ஏற்றிய வண்டியில் கிளட்ச் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும்.

விற்பதற்கு முன் பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். தடம் முழுதாக அழியாது. கம்பெனி சர்வீஸில் ஆன்லைனில் இணைத்து ஸ்கேன் செய்தால், முன்பு டியூன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் டிடி1 என்ற குறி அந்த வண்டியின் பதிவில் இருக்கும். கையால் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டி ஸ்க்ரூக்கள் அடிக்கடி கழற்றித் தேய்ந்திருப்பது, இன்டர்கூலர் குழாய்களில் கம்பெனி கிளிப்புக்குப் பதில் ஸ்க்ரூ கிளாம்ப், சைலன்சரில் எரியாத பெட்ரோல் நாற்றம் (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப்), கம்பெனி குறிப்பிட்டதைவிடக் குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக். இவற்றில் இரண்டு இருந்தால் போதும், நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஒப்புக்கொண்டு, டியூன் செய்த இடத்தின் பில்லும் அதற்குப் பிறகு அடிக்கடி ஆயில் மாற்றிய பில்லும் காட்டுகிற ஓனர் நல்லவர். மறைக்கிறவரின் வண்டியில் வேறு என்னவெல்லாம் மறைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் க்ளெய்மையே கெடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் முதல் ஆளாகப் போங்கள். முந்தைய நாளே "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்; குளிர்ந்த இன்ஜின் சொல்வதைச் சூடான இன்ஜின் சொல்லாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மூன்று வண்டிகளின் இன்ஜினும் இஏ888 குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அதன் பேர்போன வியாதி தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் யூனிட். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு அந்த பிளாஸ்டிக் நெளிந்து, இணைப்பில் கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால் மேலிருந்து தெரியாது. டார்ச் அடித்து கியர்பாக்ஸ் சேரும் பக்கம் பாருங்கள். காய்ந்த இளஞ்சிவப்புப் படிவம் இருந்தால் அதுதான். ஓடி வந்த வண்டியின் பக்கத்தில் நின்றால் இனிப்பு வாசனை வரும். விற்கிறவர் "அப்பப்போ கொஞ்சம் தண்ணி ஊத்தினா போதும்" என்றால் யூனிட்டையும் அதை ஓட்டும் சின்ன பெல்ட்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

இப்போது ஸ்டார்ட். முதல் இரண்டு மூன்று வினாடி செயின் கலகலவென்று அடித்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகியுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியை எடுக்கவே விடாமல் உள்ளே இழுத்துப் பிடித்தாலோ விசில் சத்தம் வந்தாலோ, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் உள்சவ்வு கிழிந்திருக்கும். ஸ்கேனில் பி0171 வரலாம். இது பெரிய செலவு இல்லை.

அடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. இந்த இன்ஜினின் ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கீழ்ப்பகுதி பிளாஸ்டிக். ஆர்எஸ் தரைக்குத் தாழ்வாக இறக்கிய வண்டி. நம் வேகத்தடைகளோ யார் கணக்குக்கும் அடங்காதவை. சம்ப்பில் கீறல், ஒட்டு வைத்த தடம், டிரெயின் பிளக்கைச் சுற்றிக் கசிவு, மூன்றையும் பாருங்கள். அந்த பிளக்கும் பிளாஸ்டிக்தான், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போட வேண்டும்; பழையதையே திருப்பித் திருப்பி மாட்டினால் சொட்டும். அடியில் உலோகத் தகடு மாட்டியிருக்கும் வண்டிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். கூடவே முன் லோயர் ஆர்ம் புஷ், பின் சஸ்பென்ஷன் புஷ்களில் வெடிப்பு இருக்கிறதா, ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். காலிப்பர் அளவி வைத்து அளந்து பாருங்கள். நான்கு டயரிலும் டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். ஆர்எஸ்-இல் மலிவு டயர் மாட்டியிருந்தால், அந்த ஓனர் வேறு எங்கெல்லாம் கை இறுக்கியிருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டியதுதான்.

ஓட்டம்

முதல் பத்து நிமிடம் ஊர்ந்தே ஓட்டுங்கள். பிரேக்கை விட்டதும் வண்டி தானாக மெல்ல நகர வேண்டும். 1.8-இல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது அதிர்வு இருக்கிறதா, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது குலுங்குகிறதா என்று பாருங்கள். லேசான குலுக்கல் கிளட்ச் தேய்மானம், பளீரென்ற அடி மெக்கட்ரானிக் பக்கம். ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றினால் ஒரு வினாடிக்குள் பிடிக்க வேண்டும். இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று உலோகச் சத்தம் வந்தால் இரட்டை எடை ஃப்ளைவீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஸ்கேனரை மாட்டி, காலியான நெடுஞ்சாலையில் மேனுவல் முறையில் மூன்றாம் கியரில், 2000 ஆர்பிஎம்-இலிருந்து சட்டம் விடும் வேகம் வரை முழு மிதி. ஓட்டுவது ஒருவர், ஸ்கிரீனைப் பார்ப்பது இன்னொருவர். இன்ஜின் கேட்ட பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும் ஒட்டியே போக வேண்டும். கிடைத்தது கீழே தொங்கினாலோ பி0299 விழுந்தாலோ டைவர்ட்டர் வால்வு, குழாய் விரிசல், டர்போ வேஸ்ட்கேட் என்று மலிவிலிருந்து ஆரம்பித்துத் தேடுவார்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த வண்டியை அப்படியே விட்டுவிடலாம்.

பிழைக் குறியீடு ஒன்றுமே இல்லாத சுத்தமான ஸ்கேன் சந்தோஷப்பட வேண்டிய விஷயமில்லை. கடைசியாக அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். 12 கிலோமீட்டர் என்றால் நேற்று இரவு யாரோ துடைத்திருக்கிறார்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைக் கம்பெனி சர்வீஸ் பதிவோடும் ஒப்பிடுங்கள்.

டிஎஸ்ஜி ஆயில் பில் வேண்டும். டிக்யூ250-க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஐந்து லிட்டருக்குச் சற்று மேல், ஃபில்டரோடு. அளவு பார்ப்பது ஆயில் 35-க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது, இன்ஜின் ஓட, வழியும் குழாய் வழியாக. இதைச் சொல்லத் தெரியாத கடையில் செய்த ஆயில் மாற்றம் பாதி நேரம் குறைவாகவே நிரப்பியிருக்கும். கியர் மாற்றத்தில் தடுமாற்றம் வரும்.

காசுக் கணக்கு

கேட்கும் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது. நான்கு வருடம் வைத்திருப்பதாகக் கொண்டு, விற்கும்போது போகும் இழப்பு, கூடுதல் பணத்துக்கான வட்டி, கூடுதல் பராமரிப்பு மூன்றையும் கூட்டுங்கள். கீழே வருபவை கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான தொகைகள். உங்கள் ஊர் விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

1.8 விலை 12 லட்சம், நான்கு வருடம் கழித்து 7. இழப்பு 5 லட்சம். ஆர்எஸ் 230 விலை 19 லட்சம், பிறகு 14. இழப்பு அதே 5 லட்சம். விலை வித்தியாசம் 7 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி ஆண்டுக்கு 70,000. நான்கு வருடத்துக்கு 2.8 லட்சம். டயர், பிரேக், டிஎஸ்ஜி ஆயில், பெட்ரோல் என ஆண்டுக்கு 35,000 கூட வைத்தால் 1.4 லட்சம். ஆக 4.2 லட்சம், மாதம் 8,750 ரூபாய். இதற்கு எதிரே டிக்யூ200-க்கு ஒரு மெக்கட்ரானிக்கோ கிளட்ச்சோ போகும் ஆபத்தை வையுங்கள். உங்கள் மெக்கானிக் அதற்குச் சொல்லும் தொகையில் பாதியை 1.8 பக்கம் கூட்டினாலே இடைவெளி கணிசமாகச் சுருங்கும். நெரிசலில் ஓட்டுகிறவருக்கு 230 நியாயமாகிவிடுவது இப்படித்தான்.

230-க்கும் 245-க்கும் அதே கணக்கு: 28 லட்சத்துக்கு வாங்கி 21-க்கு விற்றால் இழப்பு 7, அதாவது 230-ஐவிட 2 லட்சம் கூட. 9 லட்சம் வித்தியாசத்துக்கு வட்டி 3.6 லட்சம். பராமரிப்பு ஆண்டுக்கு 20,000 கூட வைத்தால் 80,000. மொத்தம் 6.4 லட்சம், மாதம் 13,300 ரூபாய்க்கு மேல். எதிரே வைக்க டிஃபரென்ஷியலும், மூன்று வருடம் குறைந்த வயதும், டிஜிட்டல் மீட்டரும்தான். மலையும் டிராக்கும் உங்கள் பொழுதுபோக்கு என்றால் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அதே பணத்தில் 230 வாங்கி, நல்ல டயரும் புது பிரேக்கும் போட்டு, டிஎஸ்ஜி ஆயிலும் வாட்டர் பம்ப்பும் மாற்றினாலும் பெரும் பகுதி கையில் மிஞ்சும்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் வித்தியாசம் இல்லை. 1500 சிசி-க்கு மேல் எல்லாம் ஒரே அடுக்கு, 2022-இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 7,897 ரூபாய். சொந்தச் சேதப் பகுதி ஐடிவி-க்கு (இன்ஷூரன்ஸில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) ஏற்ப மாறும். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை.

ஒரு விதிவிலக்கு. முழு சர்வீஸ் பில்லோடு ஒரே ஓனரிடம் இருந்த 1.8-உம், பில் இல்லாத மூன்றாம் ஓனர் 230-உம் ஒரே நாளில் கண்ணில் பட்டால் மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிட்டு 1.8-ஐ எடுங்கள்.

காகிதம்

ஆர்எஸ் வண்டிகள் குறைவு என்பதால் பெங்களூரு, மும்பை, டெல்லி வண்டிகளைப் பார்க்க நேரும். வெளி மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரி கட்ட வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்கு அந்த வரியே ஒரு பெரிய தொகை. ஆர்டிஓ-வில் கேட்டு எழுதி வாங்கிய பிறகே பேரம் பேசுங்கள். முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் நாளாகும். அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம்.

சாவி வாங்கும்போது இரண்டாவது ரிமோட் சாவியையும், டிக்கியில் டூல் பெட்டிக்குள் இருக்க வேண்டிய வீல் லாக் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டு இல்லாமல் பஞ்சர் ஆன வீலை கழற்ற முடியாது. அங்கேயே ஒரு போல்ட்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தை அனுப்பலாம்.